திரிகை சுற்றிய கவிஞர்: மௌலானா ஹஸ்ரத் மோகானி

கஸல் இசையில் நாட்டமுடையோர் ஹஸ்ரத் மோகானியின் பெயரை அறியாமல் இரார். குலாம் அலியின் குரலில், 1982 ஆம் ஆண்டில் வெளிவந்த 'நிகாஹ்' திரைப்படத்தின் வழியாக, அவருடைய காதற் கஸல் ஒன்று இந்தியத் துணைக்கண்டமெங்கும் ஒலித்தது. என் தந்தையாரிடம் அதன் ஒலிநாடா இருந்தது. உருது அறியாத எங்கள் வீட்டிலும் அது ஓயாமல் சுழன்றது. அந்த மென்மையான வரிகளை யாத்த கரங்கள் சிறைச்சாலையில் நாள்தோறும் ஒரு மணங்கு தானியத்தைத் திரிகையிலிட்டு அரைத்த கரங்கள் என்பதை நான் அறிந்தது முதுகலை வகுப்புக்கு வந்த பின்னரே. மணங்கு என்றதும் நம் பக்கத்து மணங்கை எண்ணிவிடலாகாது. வடநாட்டு மணங்கு நாற்பது சேர் கொண்டது. ஏறத்தாழ 37 கிலோ.

அவருடைய இயற்பெயர் சையது ஃபஸ்லுல் ஹஸன். ஐக்கிய மாகாணத்தின் உன்னாவ் மாவட்டத்திலுள்ள மோகான் என்னும் சிற்றூரில் பிறந்தமையால் மோகானி ஆனார். ஹஸ்ரத் என்பது அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட புனைபெயர். பள்ளிக் கல்வியில் சிறந்து விளங்கி, உதவித்தொகை பெற்று, அலிகர் முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியில் சேர்ந்தார். மேனாட்டு உடையணிந்த செல்வர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த அக்கல்லூரிக்குப் பழைய பாணி உடையும் கையில் வெற்றிலைப் பெட்டியுமாக அவர் வந்து இறங்கியபோது, சக மாணவர்கள் 'காலா அம்மா' என்று பெயரிட்டனர். தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் சொல் அது. அவர் சினம் கொள்ளவில்லை, உடையையும் மாற்றிக்கொள்ளவில்லை. சில திங்களில் அதே மாணவர்கள் அவருடைய கவிதையைக் கேட்க அவரைச் சூழ்ந்து அமர்ந்தனர்.

அன்றைய அலிகரின் மனநிலையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அதனை அறியாமல் ஹஸ்ரத்தின் துணிவை அளக்க இயலாது. 1857 ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் வடஇந்திய முஸ்லிம் குடும்பங்கள் பட்ட இன்னல் கொஞ்சமன்று. டில்லி நகரமே அவர்களுக்கு அயலானது. அந்த இடிபாடுகளிலிருந்து ஒரு சமுதாயத்தைத் தூக்கி நிறுத்த முனைந்த சர் சையது அஹ்மத் கான், முதலில் கல்வி, அரசியல் பிறகு என்று முடிவு செய்தார். ஆங்கில அரசின் ஐயப்பார்வை மீண்டும் தம் மக்கள்மீது விழலாகாது என்பதே அவருடைய கவலை. அவ்வெச்சரிக்கையைக் கோழைத்தனம் என்று இன்று நாம் எளிதில் பேசிவிடலாம். அது நேர்மையாகாது. கல்லூரியின் ஒவ்வொரு செங்கல்லும் நன்கொடையாகத் திரட்டியது. ஒரு மாணவனின் வாய்த்துடுக்கால் அது பறிபோய்விடுமோ என்ற அச்சம் பெரியவர்களுக்கு இருந்தது. கல்வி நிறுவனம் கட்டிக் காத்தவர்களுக்கு அந்த அச்சம் புரியும். ஆனால் சர் சையது 1898 இல் மறைந்தபின், ஒரு காலத்தின் தேவையாக இருந்த எச்சரிக்கை, எக்காலத்துக்கும் உரிய கொள்கையாக இறுகிவிட்டது. ஹஸ்ரத் மோதியது அந்த இறுக்கத்தோடுதான்.

1903 ஆம் ஆண்டில் பி.ஏ. பட்டம் பெற்றார். அரசுப் பணி வாசலிலேயே காத்திருந்தது. அதனை நாடாது, அவ்வாண்டே அலிகரில் 'உர்தூயே முஅல்லா' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். பழைய உருதுக் கவிஞர்களின் திவான்களைத் தேடிப் பதிப்பிப்பதும், அன்றைய அரசியலை அஞ்சாது எழுதுவதும் அவ்விதழின் இருபெரும் பணிகள். காங்கிரஸ் மாநாடுகளுக்குச் சென்றார். திலகரைத் தம் அரசியல் ஆசானாக ஏற்றார். 1907 இல் சூரத்தில் காங்கிரஸ் பிளவுற்றபோது திலகர் பக்கமே நின்றார். முஸ்லிம்கள் காங்கிரசை விட்டு விலகி நிற்கவேண்டும் என்பது எழுதாச் சட்டமாக இருந்த ஊரில், அதன் நிழலிலேயே அமர்ந்து இவ்வாறு எழுதினார்.

1908 ஆம் ஆண்டில் எகிப்து நாட்டில் ஆங்கிலேயர் கடைப்பிடித்த கல்விக்கொள்கையைக் கண்டித்து ஒரு கட்டுரை அவ்விதழில் வெளிவந்தது. எகிப்தில் குரோமர் பிரபுவின் ஆட்சிக்காலத்தில் கல்விக்குச் செலவிடப்பட்ட தொகை மிகச் சொற்பம்; பள்ளிக் கட்டணம் உயர்ந்தது. அதனை எடுத்துரைத்த கட்டுரை அது. எழுதியவர் பெயர் அச்சிடப்படவில்லை. அரசு பொங்கி எழுந்தது. அரசுத் துரோகக் குற்றத்துக்குரிய 124-ஏ பிரிவின் கீழ் ஹஸ்ரத் கைது செய்யப்பட்டார். கட்டுரையாளர் பெயரைச் சொன்னால் அவருடைய சுமை குறைந்திருக்கும். அவர் சொல்லவில்லை. தம் இதழில் வந்த ஒவ்வோர் எழுத்துக்கும் தாமே பொறுப்பு என்று நின்றார். கட்டுரையின் மொழி, நடை, கருத்து ஆகியவற்றில் எதனையும் தமதன்று என்று அவர் தள்ளிவிடவில்லை. அலிகரின் பெரியவர்கள் அவரிடமிருந்து விலகி நின்றனர்.

இவ்விடத்தில் என்னைப் பற்றி ஒரு சொல் கூற வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், ஒரு மாணவர் மலருக்கு நான் பொறுப்பாசிரியனாக இருந்தேன். விடுதியில் ஏழை மாணவர் நடத்தப்படும் முறையைப் பற்றி ஒரு மாணவர் பெயரிடாமல் எழுதிய கட்டுரையை, நன்றாக இருக்கிறதே என்று நானே சேர்த்தேன். மலர் வெளிவந்த மறுநாள், எழுதியது யார் என்று கேட்கப்பட்டது. கேட்டவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார். நான் பெயரைச் சொல்லிவிட்டேன். அடுத்த பருவத்தில் அந்த மாணவர் விடுதியில் இல்லை. ஹஸ்ரத்தின் வாழ்க்கையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் இந்த 1908 ஆம் ஆண்டுப் பகுதியை நான் விரைந்து கடந்துவிடுவது வழக்கம். எழுத்தில் அவ்வாறு கடக்க மனம் வரவில்லை.

ஹஸ்ரத்துக்கு இரண்டு ஆண்டு கடுங்காவலும் 500 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் சிறைக்காலம் ஓராண்டாகக் குறைந்தது. அபராதம் செலுத்தப் பணமில்லை. அவர் ஆண்டுக்கணக்கில் தேடிச் சேர்த்த அரிய நூல்களும் கையெழுத்துப் படிகளும் பறிமுதலாகி அற்பத் தொகைக்கு ஏலம் போயின. உருது இலக்கியத்துக்கு அது எத்தகைய இழப்பு என்பதைச் சுவடி தேடி அலைந்த உ.வே.சா. அவர்களின் வரலாற்றை அறிந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அதே 1908 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில்தான் வ.உ. சிதம்பரனார் திருநெல்வேலியில் தண்டிக்கப்பட்டார். திலகர் பம்பாயில் தண்டிக்கப்பட்டு மாந்தலேவுக்கு அனுப்பப்பட்டார். சட்டப்பிரிவு ஒன்றே. கோவைச் சிறையில் சிதம்பரனார் இழுத்தது செக்கு. அலகாபாத்தை அடுத்த நைனிச் சிறையில் ஹஸ்ரத் சுற்றியது 'சக்கி' என்று அம்மொழியில் வழங்கும் திரிகை. அந்த 124-ஏ பிரிவு அவர்கள் காலத்தோடு போய்விடவில்லை. நாடு விடுதலை பெற்ற பின்னரும் எழுபத்தைந்து ஆண்டளவு நீடித்தது. 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதன் செயல்பாட்டை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பழைய தண்டனைச் சட்டமே மாற்றப்பட்டது. எனினும் புதிய சட்டத்தின் 152 ஆம் பிரிவு அதன் மறுபிறவியா அன்றா என்று சட்டமறிந்தோர் வாதிடுகின்றனர்.

சிறையில் அவருக்கு அரசியல் கைதிக்குரிய சலுகை ஏதுமில்லை. திருட்டுக் குற்றவாளிகளோடு ஒருவராக இருந்தார். அரைத்துக்கொண்டே கவிதையும் புனைந்தார். கவிதைப் பயிற்சியும் திரிகை உழைப்பும் ஒருசேர நடக்கின்ற விந்தையைத் தம்மைத் தாமே எள்ளிச் சொல்லும் அவருடைய ஈரடி உருது உலகில் பழமொழிபோல் வழங்குகிறது. அவருடைய சிறைக் கஸல்களில் புலம்பல் இல்லை என்பதும், காதல் சற்றும் குன்றவில்லை என்பதும் வியப்புக்குரியவை.

அவருடைய துணைவியார் நிஷாத்துன்னிசா பேகம் அவர்களைத் தனியே ஒரு கட்டுரையில் எழுதவேண்டும். கணவர் கைதானபோது கைக்குழந்தை நோயுற்றிருந்தது. அந்நிலையிலும் மன உறுதி குலையாதிருக்குமாறு சிறைக்கு மடல் எழுதியவர் அவர். இதழ்ப் பணியில் துணை நின்றார். பின்னாளில் நீதிமன்றத்துக்கும் சிறைவாயிலுக்கும் தாமே சென்றார். 1917 டிசம்பரில் இந்தியச் செயலாளர் மாண்டேகுவைச் சந்தித்துப் பெண்களுக்கு வாக்குரிமை கோரிய மகளிர் தூதுக்குழுவில் சரோஜினி நாயுடு, மார்கரெட் கசின்ஸ் ஆகியோருடன் அவரும் இடம்பெற்றார். அச்சந்திப்பு நிகழ்ந்தது நம் சென்னையில். கணவர் அப்போது மீண்டும் காவலில் இருந்தார்.

ஆம், மீண்டும். 1909 இல் விடுதலையானதும் இதழை மறுபடி தொடங்கினார். 1910 ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்படி 1913 இல் அவரிடம் 3000 ரூபாய் ஈட்டுத்தொகை கேட்கப்பட்டது. மரத்தாலான கைப்பொறி ஒன்றையே அச்சகமாகக் கொண்டிருந்தவருக்கு அது இதழை மூடு என்னும் ஆணையேயன்றி வேறில்லை. மூடினார். சுதேசித் துணிக்கடை வைத்தார். 1916 இல் ஓரிடத்தில் அடங்கியிருக்குமாறு பிறப்பிக்கப்பட்ட ஆணையை மறுத்தார். சிறைகள் பலவற்றைக் கண்டு 1918 இல் வெளிவந்தார்.

1921 டிசம்பர். அகமதாபாத்தில் காங்கிரஸ் மாநாடு. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் சி.ஆர். தாஸ் சிறையிலிருந்தமையால் ஹக்கீம் அஜ்மல் கான் தலைமையேற்றார். காங்கிரசின் குறிக்கோளான சுயராஜ்யம் என்னும் சொல்லுக்கு, அயலார் கட்டுப்பாடு எதுவுமற்ற முழு விடுதலை என்றே பொருள் கொள்ளவேண்டும் என ஹஸ்ரத் தீர்மானம் கொணர்ந்தார். காந்தியடிகள் அதனைக் கடுமையாக எதிர்த்தார். நம் ஆற்றலின் ஆழம் அறியாமல் கரைகாணாத நீரில் இறங்கலாகாது என்பது அவருடைய வாதம். தீர்மானம் தோற்றது. அதே ஊரில் அதே கிழமையில் முஸ்லிம் லீகின் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஹஸ்ரத், அங்கும் அதையே பேசினார். இந்தியக் குடியரசு என்று வெளிப்படையாக முழங்கினார். ஆயுதம் தாங்கிய எதிர்ப்பையும் முற்றாக விலக்காத அவ்வுரையின் சில பகுதிகளை நான் ஏற்கமாட்டேன். காந்தியடிகளின் அச்சத்திலும் நியாயம் இருந்தது. அவ்வுரைகளுக்காக மீண்டும் அரசுத் துரோக வழக்கு. 1924 வரை சிறை. காங்கிரஸ் அதே முழு விடுதலைத் தீர்மானத்தை லாகூரில் நிறைவேற்றியது 1929 இல். 'இன்குலாப் ஜிந்தாபாத்' என்னும் முழக்கத்தை உருவாக்கித் தந்தவரும் அவரே என்பர். அதனை நாடறியச் செய்தவர் பகத் சிங்.

சிறையிலிருந்து வந்தவர் உழைப்பாளர் பக்கம் திரும்பினார். 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய முதல் இந்தியக் கம்யூனிஸ்டு மாநாட்டின் வரவேற்புக் குழுத் தலைவர் ஹஸ்ரத் மோகானி. மாநாட்டுத் தலைவர் நம் சென்னைச் சிங்காரவேலர். ஒருவர் ஐவேளைத் தொழுகை தவறாதவர். மற்றவர் நாத்திகப் பகுத்தறிவாளர். இருவரும் ஒரே மேடையில். ஏழையின் பங்கைச் செல்வத்தில் உரிமையாக்கிய மார்க்கத்துக்கும் பொதுவுடைமைக்கும் பகை இல்லை என்று ஹஸ்ரத் அங்கே எடுத்துரைத்தார். மௌலவிகளும் அதனை ஏற்கவில்லை. பொதுவுடைமையரும் முழுமையாக நம்பவில்லை. அவர் பலமுறை ஹஜ் செய்தவர். கண்ணனைப் பாடிய கவிதைகளும் அவருக்கு உண்டு, மதுராவுக்கும் சென்று வருவார். எந்தக் கூட்டத்தார்க்கும் அவர் முழுதும் உரியவராகவில்லை. ஓர் அமைப்பில் நிலைத்து நின்று அதனை வளர்க்கும் பொறுமை அவரிடம் இல்லை என்பது அவர்மீதான குறை. அது பொய்யான குறையன்று. காங்கிரசிலும் லீகிலும் இருந்தார்; இரண்டிலும் தனியராகவே இருந்தார்.

நாட்டுப் பிரிவினையை அவர் விரும்பவில்லை. பிரிந்தபின் பாகிஸ்தானுக்குச் செல்லவும் இல்லை. அரசியல் நிர்ணய சபையில் ஐக்கிய மாகாணத்து உறுப்பினராக அமர்ந்து, சோவியத் நாட்டின் அமைப்பை ஒத்த கூட்டரசாக இந்தியா அமையவேண்டும் என்று முகவுரை விவாதத்தில் திருத்தம் கொணர்ந்தார். அதுவும் தோற்றது. தோற்கும் என்று அவர் அறிந்திருப்பார். அவைத்தலைவர் மணியடித்தும் அமராமல் பேசுகிற ஒரு முதியவரை அவ்விவாதப் பதிவுகளில் பன்முறை காணலாம். தில்லிக்கு மூன்றாம் வகுப்பு வண்டியில் வருவார். பள்ளிவாசலில் தங்குவார் என்று கண்டோர் கூறுவர்.

நிஷாத்துன்னிசா பேகம் 1937 இல் மறைந்தார். அதன்பின் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1951 மே 13 ஆம் நாள், லக்னோவில் மௌலானா கண்மூடினார். அவர் விட்டுச்சென்ற உடைமைகளில் எழுதத் தக்கது அவருடைய கவிதைத் தொகுதி ஒன்றே. அதன் பெரும்பகுதி சிறையில் இயற்றப்பட்டது.