கறுப்புப் புள்ளிகளை எண்ணிய மனிதர்

1723-ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை.

அமெரிக்காவில் உள்ள பிலடெல்பியா நகரத்தின் படகுத்துறையில் 17 வயதுப் பையன் ஒருவன் வந்து இறங்கினான். உடையெல்லாம் அழுக்கு. மாற்றுச் சட்டைகளையும் காலுறைகளையும் பைகளுக்குள் திணித்து வைத்திருந்தான். கையில் ஒரு டாலரும் கொஞ்சம் செப்புக் காசும்தான் மிச்சம். அந்த ஊரில் அவனுக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

நல்ல பசி. ரொட்டிக் கடைக்குப் போய் மூன்று பென்னிக்கு ரொட்டி கேட்டான். மூன்று பெரிய ரொட்டிகள் கிடைத்தன. இரண்டைக் கக்கங்களில் இடுக்கிக்கொண்டு, மூன்றாவதைத் தின்றபடியே தெருவில் நடந்தான். ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண் இந்த வேடிக்கையைப் பார்த்தாள். அவள் பெயர் டெபோரா ரீட். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அவளே அவனுக்கு மனைவியானாள்.

அந்தப் பையன்தான் பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னலும் மின்சாரமே என்று காட்டிய விஞ்ஞானி, இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட தலைவர்களில் ஒருவர். இவ்வளவும் உலகம் அறிந்தது. ஆனால் அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் இருந்தது. அதன் கதை சுவையானது.

இரண்டே வருடப் படிப்பு

பிராங்க்ளின் 1706-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை கொழுப்பை உருக்கி மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவர். அவருக்குப் பிள்ளைகள் 17 பேர். ஆண் பிள்ளைகளில் கடைசி பெஞ்சமின். பையன் பள்ளிக்கூடம் போனது இரண்டே வருடம். கணக்குப் பாடத்தில் தோல்வி. பத்து வயதில் படிப்பு நின்றது. பன்னிரண்டு வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தான். 21 வயது வரை அங்கேயே உழைக்க வேண்டும் என்று ஒப்பந்தம்.

பையனுக்கு ஓர் ஆசை. நன்றாக எழுதப் பழக வேண்டும். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. லண்டனிலிருந்து வந்த ஒரு பத்திரிகையின் கட்டுரைகளை எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சுருக்கமாகக் குறித்துக்கொள்வான். சில நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல் கட்டுரையைத் தன் சொற்களில் எழுதுவான். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் பிழைகளைத் திருத்துவான்.

புத்தகம் வாங்கக் காசு வேண்டுமே? மாமிச உணவை விட்டான். தன் சாப்பாட்டுக்கு ஆகும் செலவில் பாதியைக் கொடுத்தால் போதும், தானே சமைத்துக்கொள்வதாக அண்ணனிடம் சொன்னான். அந்தப் பாதியிலும் பாதியை மிச்சப்படுத்திப் புத்தகம் வாங்கினான். பள்ளியில் தோற்ற கணக்கையும் தானே படித்துத் தேறினான்.

அண்ணன் முன்கோபக்காரர், கைநீட்டவும் செய்வார். ஒரு நாள் தம்பி சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டுக் கிளம்பினான். அப்படித்தான் பிலடெல்பியா போய்ச் சேர்ந்தான்.

கப்பலில் பிறந்த திட்டம்

பென்சில்வேனியா கவர்னர் அந்த வாலிபனைக் கண்டு மகிழ்ந்தார். லண்டனுக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கி வரும்படியும், அதற்கு வேண்டிய கடிதங்களைத் தருவதாகவும் சொன்னார். 1724-ஆம் ஆண்டு லண்டனில் போய் இறங்கியபோதுதான் தெரிந்தது, கடிதம் ஒன்றும் வரவில்லை என்று. கவர்னரின் வாக்கு வெறும் வாக்காகப் போயிற்று. ஒன்றரை ஆண்டு அச்சுக்கூடங்களில் கூலி வேலை பார்த்தார் பிராங்க்ளின். மற்றத் தொழிலாளிகள் பீர் குடித்தார்கள். அவர் தண்ணீர் குடித்தார்.

ஆனாலும் அவர் மனம் உறுத்தியது. ஒருவருக்காக வசூலித்து வைத்திருந்த பணத்தை நண்பர்களுக்காகச் செலவழித்து விட்டிருந்தார். 1726-இல் ஊர் திரும்பும் கப்பலில் உட்கார்ந்து யோசித்தார். இதுவரை நாட்கள் திட்டமில்லாமல் கழிந்துவிட்டன என்று தோன்றியது. நான்கு தீர்மானங்களை எழுதினார். கடன் தீரும் வரை சிக்கனம். எப்போதும் உண்மை. தொழிலில் விடாமுயற்சி. யாரைப் பற்றியும் அவதூறு பேசாமை. அப்போது அவருக்கு வயது 20.

1728-இல் கூட்டாளி ஒருவருடன் சொந்த அச்சுக்கூடம் தொடங்கினார். வாங்கிய காகிதத்தைத் தாமே கைவண்டியில் வைத்துத் தெருவழியே தள்ளிக்கொண்டு வருவார். 1729-இல் ஒரு பத்திரிகை அவர் கைக்கு வந்தது. 1731-இல் நண்பர்களுடன் சேர்ந்து சந்தா நூலகம் ஒன்றை நிறுவினார். 1732-இல் பஞ்சாங்கம் வெளியிட்டார். அது ஆண்டுக்குப் பத்தாயிரம் பிரதிகள் வரை விற்றது. செலவழித்துவிட்ட அந்தப் பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்.

பதின்மூன்று வாரம்

1730-ஆம் ஆண்டை ஒட்டி அவருக்கு ஒரு துணிச்சலான எண்ணம் உண்டாயிற்று. குற்றமே இல்லாத மனிதனாக வாழ்ந்து பார்ப்பது! முயன்றார், முடியவில்லை. ஒரு தவற்றைக் காவல் காக்கும்போது மற்றொன்று உள்ளே நுழைந்துவிடுகிறது. ஆகவே வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்.

மித உணவு, வீண்பேச்சின்மை, ஒழுங்கு, மன உறுதி, சிக்கனம், உழைப்பு, கபடமின்மை, நீதி, நிதானம், சுத்தம், மன அமைதி, புலனடக்கம் என்று பன்னிரண்டு குணங்களை எழுதினார். அவர் கர்வமுள்ளவர் என்று எல்லோரும் நினைப்பதாக நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்னார். உடனே பதின்மூன்றாவதாகப் பணிவையும் சேர்த்தார்.

நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பக்கம். சிவப்பு மையால் கட்டங்கள். வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு பத்திகள். தவறு செய்த நாளில் அந்தக் குணத்துக்கு நேரே ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும் முழுக் கவனம். மற்றவற்றில் தவறினால் புள்ளி வைப்பதோடு சரி. பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. தோட்டத்தில் களை எடுப்பவன் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்காமல் பாத்தி பாத்தியாகப் போவதைப்போல என்று அவர் நினைத்தார்.

நாளுக்கும் ஓர் அட்டவணை இருந்தது. காலை ஐந்து மணிக்கு எழுந்து, இன்று என்ன நன்மை செய்யப்போகிறோம் என்று தம்மையே கேட்டுக்கொள்வார். இரவில் படுக்குமுன் செய்ததைக் கணக்குப் பார்ப்பார்.

எண்ணிப் பார்த்தபோது அவருக்கே வியப்பு. நினைத்ததைவிட அதிகக் குற்றங்கள்! பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டிக் காகிதம் ஓட்டையாயிற்று. பிறகு தந்தத் தகடுகளில் கட்டம் வரைந்து பென்சிலால் புள்ளி வைத்தார். ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம் அல்லவா?

புள்ளிகள் மெல்லக் குறைந்தன. ஆனால் ஒழுங்கு மட்டும் கடைசி வரை வசப்படவில்லை. பொருளை அதனதன் இடத்தில் வைக்கும் பழக்கம் வரவே இல்லை. பளபளப்பான கோடரி வேண்டுமென்று கேட்டுக் கொல்லனின் சாணைச் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கியவன், கை ஓய்ந்துபோய், புள்ளி விழுந்த கோடரியே தனக்குப் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்ட கதையை அவர் வேடிக்கையாக எழுதி வைத்தார். அந்த ஆள் தாமேதான் என்பதையும் ஒளிக்கவில்லை.

கட்டத்துக்குள் அடங்காதவை

42 வயதில் அவர் அச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். பிறகு மின்சார ஆராய்ச்சிக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது. 1752-இல் பட்டம் விட்டு மேகத்தின் மின்சாரத்தைச் சோதித்தார். பிரான்சின் உதவியைப் பெற்றுத் தந்த 1778 ஒப்பந்தத்திலும், யுத்தத்தை முடித்த 1783 ஒப்பந்தத்திலும் அவர் பங்கு பெரியது.

ஆனால் அவர் வாழ்க்கையில் நோட்டுப் புத்தகம் எட்டாத இடங்களும் இருந்தன. நான்கு வயது மகன் பிரான்சிஸுக்கு அம்மை குத்தாமல் விட்டுவிட்டார். 1736-இல் குழந்தை பெரியம்மைக்குப் பலியாயிற்று. அந்தத் துயரம் அவரை விட்டு நீங்கவே இல்லை. அவர் லண்டனில் பத்தாண்டுகளாகத் தங்கியிருந்தபோது, 1774-இல் மனைவி டெபோரா பிலடெல்பியாவில் இறந்தார். மூத்த மகன் வில்லியம் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்றார். அந்தப் பிளவு கடைசி வரை ஆறவில்லை.

நீதி என்று ஒரு பக்கம் வைத்திருந்தவரின் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அவருடைய பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வெளிவந்தன. நெடுங்காலம் அதற்கு அவர் புள்ளி வைத்ததாகத் தெரியவில்லை. முதுமையில்தான் மனம் மாறினார். 1787-இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில், அடிமை முறைக்கு எதிராக அமெரிக்கக் காங்கிரசுக்குச் சென்ற மனுவில் கையெழுத்திட்டார். இரண்டே மாதத்தில், ஏப்ரல் 17-ஆம் தேதி, 84-ஆம் வயதில் காலமானார். இறுதி ஊர்வலத்தில் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் கூடினார்கள்.

78 வயதில், பாரிஸ் அருகே தங்கியிருந்தபோது, அவர் தம் நோட்டுப் புத்தகத்தைப் பற்றி விரிவாக எழுதினார். குற்றமற்ற மனிதனாகிவிட்டதாக அவர் உரிமை கொண்டாடவில்லை. குறிக்கோளுக்கு வெகு தூரம் பின்தங்கியே நின்றதாக ஒப்புக்கொண்டார். ஆனால் முயலாமல் இருந்திருந்தால் இந்த அளவு நல்லவனாகவும் மகிழ்ச்சியுள்ளவனாகவும் ஆகியிருக்க முடியாது என்று உணர்ந்தார். அழகான கையெழுத்தைப் பார்த்து எழுதிப் பழகுகிறவனுக்கு அந்த அச்சு அப்படியே வராவிட்டாலும் தன் கையெழுத்துத் திருந்திவிடுகிறது அல்லவா?

கக்கத்தில் ரொட்டியோடு நடந்த பையனை உயர்த்தியது, வாரத்துக்கு ஒரு குணம் என்ற சிறிய திட்டமும், இரவில் தனக்குத்தானே உண்மை சொல்லி வைத்த கறுப்புப் புள்ளியும்தான்.