தாயுமான சுவாமிகள் காத்திருந்த வரலாறு

உத்தியோகமும் வாழ்வும் நிலைதளருங் காலத்தே மாந்தர் இருவகையான் இடர்ப்படுகின்றனர். கையிலுள்ளதை இறுகப் பற்றிக்கோடல் ஒன்று. வெறுப்பு மிகுதியான் யாவற்றையும் ஒருங்கே வீசியெறிதல் மற்றொன்று. இவ்விரண்டுமல்லாத செந்நெறி ஒன்றுண்டு என்பதற்குத் தாயுமான சுவாமிகள் சரித்திரம் சான்றாகும்.

சுவாமிகள் விளங்கியது 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. தந்தையார் கேடிலியப்ப பிள்ளை திருமறைக்காட்டுத் திருக்கோயிற் காரியங்களை நடாத்திவந்தனர். அவர்தம் திறங்கண்ட விஜயரங்க சொக்கநாத நாயக்கர் (1706-1732), அவரைத் திரிசிரபுரத்துக்கு அழைத்துத் தம் அரண்மனைச் சம்பிரதியாக்கினார். மூத்த மைந்தராகிய சிவசிதம்பரத்தைத் தமையனார்க்குச் சுவீகாரங் கொடுத்துவிட்ட பிள்ளையவர்கள், மலைக்கோட்டை இறைவனை வேண்டி இரண்டாம் புதல்வரைப் பெற்று, அவ்விறைவன் திருநாமத்தையே இட்டனர். தந்தையார் மறைந்தபின் அப்பெரும்பதவி இளமையிலேயே இப்புதல்வரைச் சார்ந்தது.

கை அரசியற் கணக்கை எழுதிற்று. உள்ளமோ வீட்டு நெறியை நாடிற்று. அந்நாளில், திருமூலர் மரபில் வந்த மௌனகுரு தேசிகரைக் கண்டு அடிபணிந்த சுவாமிகள், பதவியை நீத்து அப்பொழுதே உடன்வர விடைவேண்டினர். குருநாதர் இசைந்திலர். இல்லறம் புகுந்து ஒரு மகவு பெற்றபின் தாமே வருவதாகக் கூறி, அதுகாறும் சும்மா இருத்தலைப் பயிலுமாறு பணித்துச் சென்றனர்.

விடத் துணிந்தவரை விடாது நிறுத்திய இவ்வாணை, துறத்தலினும் அரியதாம். சும்மா இருத்தலாவது தொழிலொழிந்து மடிந்திருத்தலன்று. யான் செய்கின்றேன் என்னும் முனைப்பு அடங்க, அருள்வழி நிற்றலாம். ஆதலின் சுவாமிகள் சம்பிரதி வேலையை வெறுத்து ஓடவுமில்லை. அதனைத் தமதென்று கொள்ளவுமில்லை.

1732இல் நாயக்கர் மகப்பேறின்றி மறைந்தனர். அரசி மீனாட்சி ஆட்சியேற்க, அரியணைக்கு உரிமை பேசுவோர் எழுந்தனர்; நாடு கலங்கிற்று. அரசியார் சுவாமிகள்பால் முறையல்லா விழைவுகொண்டனர் என்பது கர்ணபரம்பரை. அங்கிருத்தல் அறமன்றென்று தெளிந்த அளவில், சுவாமிகள் பதவியையும் ஊரையும் விடுத்து, அருளையர் துணையாக விராலிமலை சேர்ந்து, பின் இராமநாதபுரம் புக்கனர்.

பதவி நீங்கியதையே துறவு முதிர்ந்ததாக அவர் கொண்டிலர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. தமையனார் வந்து அழைத்தபோது, குருவாணையை நினைந்து திருமறைக்காட்டுக்கு மீண்டனர். மட்டுவார்குழலி அம்மையாரை மணந்து, கனகசபாபதி என்னும் மகவைப் பெற்றனர். சின்னாளில் அம்மையார் காலமாயினர். அதன்பின்னரே மௌனகுரு மீண்டும் எழுந்தருளினர். குழந்தையைத் தமையனாரிடம் ஒப்புவித்துத் துறவு பூண்ட சுவாமிகள், தலங்கள் பலவும் வழிபட்டு, இராமநாதபுரத்தில் பரிபூரணமடைந்தனர். தை விசாகத்தில் குருபூசை நடைபெறுகின்றது.

மலபரிபாகம் எய்துமுன் ஆன்மா தன் முனைப்பால் விடுவதும் ஒரு பற்றேயாம். ஏனெனில் விடுகின்றவன் யானென்னும் எண்ணம் ஆண்டு எஞ்சிநிற்கும். பக்குவம் வந்துழிப் பற்று, கனி காம்பினின்று கழலுமாறு தானே கழலும். அதுகாறும் இயைந்த கடமையை இயற்றிக் காத்திருத்தலும் சிவபணியே. சுவாமிகள் பாடல்களை ஓதுவார் பலர். அவர் காத்திருந்த ஆண்டுகளையும் நினைப்பார்க்கு, நிலைகலங்கிய காலமும் தவக்காலமாகும்.