தோட்டத் தொழிலாளர் தோழர் கோ. நடேசய்யர்

நம் பழைய மாணவருட் பலர் பசறை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களின் லயங்களிற் பிறந்தவர்கள். அவர்தம் பாட்டன்மார் வாய்திறக்க அஞ்சிய காலத்தில், அவர்களுக்காக அரசாங்க சபையிற் பேசியவர் கோ. நடேசய்யர். அப்பெரியாரின் வரலாற்றைச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

1887-ல் தஞ்சையிற் பிறந்த ஐயர், 1920-ல் இலங்கையிற் குடியேறினார். அக்காலத்தில் தோட்டம் துரைமாரின் தனியுடைமை. அனுமதியின்றி அயலார் நுழைதல் குற்றம். ஐயரோ புடைவை வியாபாரிபோல் வேடம்பூண்டு லயங்களுக்குட் சென்றார். கங்காணியிடம் பட்ட கடன் தொழிலாளரைப் பிணித்திருந்த கொடுமையைக் கண்டார். கண்டதைத் தாம் நடத்திய 'தேசபக்தன்' வாயிலாக உலகறியச் செய்தார். எழுத்தறியாதார்க்கு அவர்தம் மனைவியார் மீனாட்சியம்மையார் கூட்டந்தோறும் பாடி உணர்வூட்டினார்.

1927-ல் இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பிறந்தபொழுது, ஐயர் சட்டநிரூபண சபையில் அங்கத்தவராயிருந்தார். அதன்கீழ் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் நாட்கூலியாக விதிக்கப்பட்டன. சில ஆண்டுகளில் வந்த பொருளாதார மந்தம் அச்சிறு கூலியையும் குறைத்தது. தொழிலாளர் ஒன்றுபடாவிடின் சட்டம் ஏட்டிலேயே நின்றுவிடும் என்பதை முன்னரே உணர்ந்த ஐயர், 1931-ல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார்.

1936 முதல் 1947 வரை அவர் அட்டன் தொகுதிக்கு அரசாங்க சபை அங்கத்தவர். அச்சபைக்குத் தெரிவான மலையகத் தமிழர் இருவரும் அட்டன், தலவாக்கலைத் தொகுதியினரே. ஊவாத் தோட்டங்களிலிருந்து எவரும் செல்லவில்லை. ஆகவே ஐயரின் குரல் நம்மவர்க்கும் குரலாயிற்று. 1940-ல் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. அதனை நடத்தியவர்கள் சமசமாஜிகள். எனினும், அஞ்சாது எதிர்த்து நிற்கலாம் என்னும் பாடத்தை மலைநாட்டில் முதற்கண் புகட்டியவருள் ஐயர் தலையாயவர்.

ஐயர் 1947 நவம்பரிற் காலமானார். மறு ஆண்டே இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிற்று. வாக்குரிமையும் உடன் பறிபோயிற்று. எஞ்சியோர்க்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003-ல் நிறைவேறும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் இவ்வவலம் நீடித்தது.

இன்றைய மாணவர் வாக்குச்சீட்டை எளிதிற் பெறுகின்றனர். அதனை ஈட்டவும் மீட்கவும் பட்ட பாட்டை அவர்கள் அறிதல் வேண்டும். ஐயரை நினைத்தல் அவ்வறிவின் தொடக்கம் என்பதே நாம் கருதுவது.