வில்லுக்குத் திரும்பிய கலைவாணர்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலை மார்த்தாண்டம், களியக்காவிளை ஆகிய ஊர்களைக் கடந்து, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரையை அடைகின்றது. நம் சங்கத்துக் குடும்பங்களுட் பல இச்சாலையை ஒட்டியே குடியிருக்கின்றன. இச்சாலையின் தென்முனையிற் பிறந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். வடமுனையாகிய திருவனந்தபுரத்தில் 1925-ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவே அவரை நடிகராக்கியது. ஆகவே அவரை நம் வழிப்போக்கர் என்றல்ல, நம் வழிக்கே உரியவர் என்று உரிமை கொண்டாடுவதில் பிழை இல்லை.

அவர் நம்மைச் சிரிக்க வைத்தார் என்பதனைச் சொல்ல ஒரு கட்டுரை வேண்டுவதில்லை. அது பாட்டி முதல் பேரன் வரை அறிந்த செய்தி. நாற்பதாவது வயதை எட்டும் காலத்தில், பிறர் கதைக்கு நடுவே சிரிப்பு மூட்டும் வேலை பொன்னாய்க் கொழித்துக்கொண்டிருக்க, அதோடு நின்றுவிடாமல், தம்மினும் இருபது வயது இளைய தோழர் ஒருவரைத் துணைக்கொண்டு அவர் வேறொரு துறையில் இறங்கினார். அதனையே இங்கு எழுதக் கருதினோம். மாதச் சம்பளத்தில் நாற்பதைத் தாண்டிவிட்ட நம்மைப் போன்றோர்க்கு இடமாற்ற உத்தரவு ஒன்று வந்தாலே உறக்கம் போய்விடுகின்றது. ஆதலின் இச்செய்தி நமக்குப் பெரிதாகவே தோன்றுகின்றது.

கிருஷ்ணன் 1908 நவம்பர் 29-ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியிற் பிறந்தார். தந்தையார் பெயர் சுடலைமுத்து; தாயார் இசக்கியம்மாள். சுடலைமாடனும் இசக்கியம்மனும் தென்னாட்டுக் கொடை விழாக்களில் வில்லடித்துப் பாடப்பெறும் தெய்வங்கள் அல்லவா? வில்லின் இரு முனைகளைப் போல அப்பெயர்கள் அவர் பிறப்பிலேயே அமைந்துவிட்டன. வறுமை மிக்க குடும்பம். பள்ளிப் படிப்பு சிறிதளவோடு நின்றது. டென்னிஸ் ஆடுவோர்க்குப் பந்து பொறுக்கிக் கொடுத்தும், நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றும் சில காசு ஈட்டினார். விற்பனைக்காகப் போன கொட்டகையில் அவர் கண் மேடையின் மேலேயே இருந்தது.

வில்லுப்பாட்டைப் பற்றி நம் இளைய தலைமுறைக்குச் சிறிது சொல்ல வேண்டும். ஓர் ஆள் உயரத்தைவிட நீண்ட வில். அதில் கட்டிய மணிகள். நாணைத் தட்டும் வீசுகோல். வில்லின் நடுவே பிணைத்த மட்குடம். உடுக்கை, தாளம், கட்டை. புலவர் வீசுகோலை ஓங்கிக் கதையைத் தொடங்க, பின்பாட்டுக்காரர் ஆமாம் போட்டுக்கொண்டே வருவார். இக்கலைக்கு எல்லைக்கோடு கிடையாது. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய பகுதிகளில் எங்ஙனமோ, அங்ஙனமே நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கோயில்களிலும் அது வழங்கிற்று. மலையாள நண்பர்கள் வில்லடிச்சாம்பாட்டு என்பர். கணியாகுளத்துப் போரில் மாண்ட இரவிக்குட்டிப்பிள்ளையின் கதைப்பாடலைக் கேட்டால் அதன் மொழி தமிழா, மலையாளமா என்று வகுத்துச் சொல்வது அரிது. இரண்டும் ஒரே கிணற்றில் ஊறிய நீர். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் நம் காலனிக் குழந்தைகளுக்கு இது எளிதில் விளங்கும்.

கிருஷ்ணன் இளமையில் பழகிய முதற்கலை இந்த வில்லுப்பாட்டே. பிறகு டி. கே. எஸ். சகோதரர்களின் சபையிற் சேர்ந்தார். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய நால்வரும் நடத்திய அச்சபை நாடக உலகில் பெற்ற புகழை அன்பர்கள் அறிவர். கிருஷ்ணனுக்கு அங்கு நாளடைவில் நகைச்சுவையே தொழிலாய் அமைந்தது. எனினும் உள்ளே இருந்த வில் உறங்கவில்லை. 1931-ஆம் ஆண்டில் சபையார், வெ. சாமிநாத சர்மா எழுதிய பாணபுரத்து வீரன் நாடகத்தைத் தேசபக்தி என்னும் பெயரில் நடித்தனர். அதனுள் காந்தியடிகளின் வரலாற்றைக் கிருஷ்ணன் வில்லுப்பாட்டாகப் பாடினார். சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் உரிய வில், உயிரோடிருந்த தலைவர் ஒருவரின் கதைக்கு வளைந்தது. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், நாடக மேடையில், ஒரு சிரிப்பு நடிகர் செய்த செயல் இது. பிற்காலத்துக்கான வித்து இங்கேயே ஊன்றப்பட்டது என்பது நம் எண்ணம்.

ஆனால் வித்து முளைப்பதற்குள் சினிமா வந்துவிட்டது. 1935-இல் மேனகா, 1936-இல் சதி லீலாவதி. வசந்தசேனா படப்பிடிப்புக்காகப் புனா சென்றபோது டி. ஏ. மதுரம் அம்மையார் அறிமுகமாகி, வாழ்க்கைத் துணைவியுமானார். அதன்பின் இருவரும் சேர்ந்த நகைச்சுவை இல்லாத படம் விலைபோவது கடினம் என்னும் நிலை உண்டாயிற்று. அக்காலத்தில் அந்தத் தொழில் நடந்த முறை வேடிக்கையானது. படத்தின் கதை ஒருபுறம் நடக்கும். கிருஷ்ணன் குழுவினர் தமக்குரிய காட்சிகளைத் தாமே இட்டுக்கட்டி, தனியே நடித்துக் கொடுப்பர். அவை நடுநடுவே ஒட்டப்படும். இராஜா இராணி கதைக்கும் இவர்கள் சிரிப்புக்கும் தொடர்பு தேடினால் கிட்டாது. நாம் பயணி வண்டியில் சரக்குப் பெட்டியைக் கோப்பது போலத்தான். ஆனால் காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்களுட் பலர் அந்தச் சரக்குப் பெட்டிக்காகவே வந்தனர் என்பது முதலாளிகளுக்குத் தெரியும். அம்பிகாபதி, சகுந்தலை, ஆர்யமாலா, கண்ணகி, ஹரிதாஸ் என்று படங்கள் பெருகின, ஊதியமும் பெருகிற்று.

1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் கிருஷ்ணனும் எம். கே. தியாகராஜ பாகவதரும் கைதாகி, 1945-இல் தண்டனை பெற்று, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற முறையீட்டின் பயனாக மறுவிசாரணை நடந்து, 1947 ஏப்ரலில் விடுதலையாயினர். அவ்வழக்கை விரித்துரைக்க இவ்விடம் போதாது. ஆண்டு மலருக்கு அது பொருந்தவும் செய்யாது. அந்த நாட்களில் மதுரம் அம்மையார் காட்டிய திண்மையை மட்டும் சொல்லாமல் விடலாகாது. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு கணவர் பெயராலேயே நாடக சபையை நடத்தி, பைத்தியக்காரன் நாடகத்தைப் படமாக்கி, வழக்குச் செலவுக்கு வழி தேடினார். படம் 1947-இல் வெளிவந்தது.

சிறையிலிருந்து வெளிவந்த இருவர்க்கும் ஒரே கேள்வி எதிரே நின்றது: பழைய தொழிலுக்கே திரும்புவதா? பாகவதர் தம் பழைய வழியிலேயே கதாநாயகராய்ப் பாடி நடித்தார். 1948-இல் வந்த ராஜ முக்தி முதலாகப் பின்வந்த படங்கள் முன்போல் ஓடவில்லை. கிருஷ்ணனுக்கோ அந்த இடர் இல்லை. அவருடைய சிரிப்புக்குத் தேவை அப்படியே இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் கலைவாணர் என்னும் பட்டத்தை வழங்கியதும் 1947-இல்தான். பட்டமும் கிடைத்து, பழைய சம்பளமும் காத்திருக்கும்போது, புதிய வேலையைத் தேடிப் போகும் மனிதர் எத்தனை பேர்?

அவர் போனார். 1949-இல் நல்லதம்பி வந்தது. அறிஞர் அண்ணாதுரை எழுதிய அப்படத்தில் கலைவாணர் இடையே வந்துபோகும் விகடர் அல்லர்; கதையின் தலைவர். மதுவிலக்கும் சீர்திருத்தமும் அதில் நேராகவே பேசப்பட்டன. அதில் வரும் கிந்தனார் கதாகாலட்சேபம், நந்தனார் சரித்திரத்தை நினைவூட்டும் பெயரோடு, ஒதுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் ரெயிலேறிப் பட்டணம் சென்று படித்து முன்னேறும் கதையைச் சொல்லும். நந்தன் தில்லைக்குப் போனான். கிந்தன் பள்ளிக்கூடத்துக்குப் போனான். உடுமலை நாராயணகவியின் பாட்டும் கலைவாணரின் குரலும் சேர்ந்து ரெயிலின் ஓட்டத்தை அப்படியே காதில் கொண்டுவந்து நிறுத்தும். ரெயில்வேயில் ஊழியம் பார்க்கும் நாம் இதில் சற்று அதிகமாகவே மகிழ்கிறோம் என்றால் வாசகர் பொறுத்தருள்க. ரெயிலை இவ்வளவு அழகாகப் பாடியவர் தம் சொந்த ஊரில் ரெயிலைப் பார்த்ததில்லை. நாகர்கோவிலுக்கு இருப்புப்பாதை வந்தது 1979-இல். நம் பாறசாலையும் அப்போதுதான் ரெயிலைக் கண்டது.

இனி நம் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். திருநெல்வேலிக்கு அருகே சத்திரம் புதுக்குளத்தில் 1928-ஆம் ஆண்டு பிறந்த இளங்கவிஞர் ஒருவர் இருந்தார். பெயர் சுப்பு ஆறுமுகம். அவருடைய பாட்டுத் திறத்தைக் கண்ட கலைவாணர், அவரைத் தம்மோடு சென்னைக்கு அழைத்துக்கொண்டார். புகழ் உச்சியில் இருந்தவருக்கு எழுதித் தரப் பெரும்புலவர் பலர் கிடைத்திருப்பர். அவர் தேர்ந்துகொண்டதோ இருபது வயது நெல்லைப் பிள்ளையை. காரணம் நாம் ஊகிக்கக்கூடியதே. வில்லுப்பாட்டின் நடை, ஏட்டைப் படித்து வருவதன்று. கொடை விழாவில் விடிய விடிய உட்கார்ந்து கேட்ட காதுக்குத்தான் அது வரும். அந்தக் காது இருவர்க்கும் பொதுவாய் இருந்தது.

காந்தியடிகள் 1948 ஜனவரி 30-இல் சுடப்பட்டு மறைந்தார். பதினேழு ஆண்டுகளுக்கு முன் நாடகத்தின் நடுவே தாம் பாடிய வரலாறு இப்போது முடிவெய்திய காவியமாய் நிற்கக் கண்டார் கலைவாணர். இளைய தோழர் சொற்களை அமைத்துக் கொடுக்க, மூத்தவர் வீசுகோலை எடுத்தார். காந்தி வரலாறு வில்லுப்பாட்டாய் ஊர்தோறும் ஒலித்தது.

சிரிப்பை அவர் விட்டுவிட்டாரா என்று கேட்கலாம். விடவில்லை, அதன் இடத்தை மாற்றினார். படத்தில் அவருடைய சிரிப்பு கதைக்கு வெளியே நின்றது. வில்லில் அதுவே கதையை இழுத்துச் செல்லும் மாடாயிற்று. பாட்டுக்கு நடுவே வசனமும், வசனத்துக்கு நடுவே விகடமும் வரும். சபையோர் சிரித்து ஓயுமுன் ஒரு துயரச் செய்தி வந்து விழும். மேலும் ஒன்று. நாடகத்தில் பாத்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்வார்கள். விகடர் ஒருவரே சபையை நோக்கிப் பேசுவார். வில்லுப்பாட்டுப் புலவரும் சபையை நோக்கியே பேசுகின்றார். எனவே அவர் ஏறியது புதிய மேடையாயினும், இருபது ஆண்டுகள் சிரிப்புத் தொழிலிற் கற்றது ஒன்றும் வீண்போகவில்லை.

இம்மாற்றத்தில் நட்டம் இல்லாமல் இல்லை. கொடை விழாக்களில் தெய்வக் கதையோடு சேர்ந்து வழங்கிய வில், சமுதாயச் சீர்திருத்தம் பேசும் கருவியானபோது அதன் பழைய பயபக்தி சிறிது குறைந்தது என்று வருந்தும் பெரியோர் உண்டு. அவர்கள் கூற்றைப் புறந்தள்ள மாட்டோம். ஆயினும் தென்கோடியில் மட்டும் வழங்கிய ஒரு கலை சென்னைச் சபைகளில் நாற்காலிகளை நிறைத்தது இவ்விருவராலேதான். அவர் 1951-இல் இயக்கிய மணமகளும், கலைஞர் கருணாநிதி வசனம் எழுத 1952-இல் இயக்கிய பணமும் பேர்பெற்ற படங்களே. இருப்பினும் எம்மைக் கேட்டால், டைரக்டர் கிருஷ்ணனைவிட வில்லடித்த கிருஷ்ணனே உயர்ந்தவர் என்போம்.

பொருள்நிலையோ தேய்ந்துகொண்டே வந்தது. கொடுப்பதற்கு அவர் கணக்குப் பார்த்ததில்லை. நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் காந்தியடிகளுக்கு நினைவுத்தூண் எழுப்பியதும் தம் சொந்தப் பணத்தில்தான். சிரிப்பு நடிகராகவே இருந்து சேர்த்து வைத்திருந்தால் வசதியாக வாழ்ந்திருப்பார் என்று சொல்வோர் உளர். அது மெய்யாகவும் இருக்கலாம்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே கோடு விழுந்தது. திருவிதாங்கூரிற் பிறந்த கலைவாணரின் ஊர் தமிழகத்து ஊராகிப் பத்துத் திங்கள் சென்றன. 1957 ஆகஸ்டு 30-ஆம் நாள், நாற்பத்தொன்பது வயது நிறையுமுன், அவர் சென்னையில் காலமானார். தியாகராயநகரில் உள்ள அவருடைய சிலையை 1969 ஜனவரி 14-இல் முதலமைச்சர் அண்ணா திறந்து வைத்தார். அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது.

சுப்பு ஆறுமுகம் வில்லைக் கீழே வைக்கவில்லை. கலைவாணரின் படங்களுக்கு நகைச்சுவைப் பகுதி எழுதியவர், பிற்காலத்தில் நாகேஷுக்கும் எழுதினார். ஆனால் மூத்தவரைப் போலவே அவரும் தம்மை வில்லுப்பாட்டுக்காரர் என்றே சொல்லிக்கொண்டார். இந்திய அரசு 2021-இல் பத்மஸ்ரீ விருதளித்தது. 2022 அக்டோபர் 10-இல் தொண்ணூற்று நான்காவது வயதில் மறைந்தார். அவர் மகள் பாரதி திருமகன் வில்லிசை நிகழ்ச்சிகளை நடத்திவருகின்றார்.