இரண்டு மயிலும் ஒரு மானும்

அது ஒரு பெரிய அரண்மனை. அதன் சமையல் கூடத்தில் நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கறிக்காகக் கொல்லப்பட்டன. இதை எழுதி வைத்தவர் அந்த அரசரின் பகைவர் என்று நினைத்துவிட வேண்டாம். அரசரே எழுதி வைத்தார். ஊர் அறியட்டும், உலகம் அறியட்டும் என்று பாறையிலே வெட்டி வைத்தார்.

அவர்தான் அசோகச் சக்கரவர்த்தி.

வேட்டையாடிய குலம்

அசோகர், சந்திரகுப்த மௌரியரின் பேரர், பிந்துசாரரின் மகன். கி.மு. 269ஆம் ஆண்டை ஒட்டி முடி சூடினார். தலைநகரம் பாடலிபுத்திரம். இன்று அந்த ஊருக்குப் பாட்னா என்று பெயர்.

பாட்டனார் சந்திரகுப்தர் வேட்டைக்குப் புறப்படும் கோலத்தைக் கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் வியந்து எழுதினார். ஆயுதம் ஏந்திய பெண்கள் அரசரைச் சூழ்ந்து வருவார்கள். வழியின் இரு புறமும் கயிறு கட்டியிருக்கும். அதைத் தாண்டி உள்ளே வருகிறவனுக்கு மரணம்தான். வேட்டை, அரசர்களின் பொழுதுபோக்கு. அந்தக் குலத்தில்தான் அசோகர் பிறந்தார்.

எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்பது பற்றி நம் நாட்டில் ஒரே கருத்து என்றுமே இருந்ததில்லை. வேள்வியில் ஆடு மாடுகளைப் பலியிட்டவர்கள் இருந்தார்கள். சமணரும் பௌத்தரும் அந்தப் பலியைக் கண்டித்தார்கள். பௌத்தத் துறவிகளோ, தங்களுக்கென்று கொல்லப்படாத இறைச்சி பிச்சையில் விழுந்தால் ஏற்றுக்கொண்டார்கள். ஐந்து நகமுள்ள விலங்குகளில் முள்ளம்பன்றி, உடும்பு, ஆமை, முயல் போன்ற சிலவற்றை மட்டும் தின்னலாம் என்று பழைய தரும நூல்கள் விதித்தன.

கலிங்கத்துக் கண்ணீர்

முடி சூடி 8 ஆண்டுகள் சென்றன. அசோகர் கலிங்க நாட்டின் மீது படையெடுத்தார். அந்த நாடு இன்றைய ஒடிசாப் பகுதியில் இருந்தது. போரில் 1,00,000 பேர் மாண்டார்கள். 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். பின்னும் எத்தனையோ மடங்கு மக்கள் மடிந்தார்கள். இந்தக் கணக்கும் அசோகரே கல்லில் எழுதி வைத்ததுதான்.

வெற்றி கிடைத்தது. ஆனால் மனத்தில் அமைதி இல்லை. அசோகர் புத்தரின் நெறியை நாடினார். முடி சூடிய 10ஆம் ஆண்டில், புத்தர் ஞானம் பெற்ற போதி மரத்தைத் தரிசிக்கச் சென்றார். அதுமுதல் அரசரின் வேட்டைப் பயணம் நின்றது. அறப் பயணம் தொடங்கியது.

முதலில் தம் அடுக்களை

அடுத்த சில ஆண்டுகளில் நாட்டின் பல மூலைகளிலும் பாறைகளில் ஆணைகள் வெட்டப்பட்டன. குஜராத்தில் கிர்நார், ஒடிசாவில் தௌலி, இப்போது பாகிஸ்தானில் உள்ள ஷாபாஸ்கடி ஆகிய இடங்களில் அவற்றை இன்றும் காணலாம்.

முதல் ஆணையே அரண்மனை அடுக்களையைப் பற்றியது. முன்பு பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்ட இடத்தில், இப்போது நாளொன்றுக்கு மூன்றே உயிர்கள் கொல்லப்படுகின்றன. இரண்டு மயில், ஒரு மான். அந்த மானும் எல்லா நாளும் இல்லை. இனிமேல் இந்த மூன்றும் கொல்லப்பட மாட்டா என்று ஆணை முடிகிறது.

புகழை மட்டும் விரும்பும் அரசன் அந்த மூன்றை மறைத்திருப்பான். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று பறை அறைந்திருப்பான். அசோகர் மறைக்கவில்லை. இன்னும் விடாததையும் எண்ணிச் சொன்னார். அந்தச் சொல்லுக்கு அதனாலேயே மதிப்பு.

ஆப்கானிஸ்தானத்தில் காந்தகார் நகரருகே 1958ஆம் ஆண்டு ஒரு கல்வெட்டு வெளிப்பட்டது. கிரேக்க மொழியிலும் அரமேய மொழியிலும் எழுதப்பட்டது. அரசரின் வேட்டைக்காரர்களும் மீன் பிடிப்பவர்களும் தொழிலை நிறுத்திவிட்டார்கள் என்று அது அறிவிக்கிறது.

மீனவர் உலை என்ன ஆயிற்று?

அரசர் வேண்டுமானால் மயில் கறியை விடலாம். அவருக்கு வேறு உணவு உண்டு. ஏழை மீனவன் வலையைச் சுருட்டி வைத்தால் அவன் குழந்தைகள் என்ன செய்யும்?

அசோகர் இதை அறியாதவர் அல்லர். முடி சூடிய 26ஆம் ஆண்டில் தூண்களில் ஒரு பட்டியல் வெட்டச் செய்தார். கிளி, மைனா, அன்னம், வௌவால், ஆமை, முள்ளம்பன்றி, அணில், புறா முதலியவற்றைக் கொல்லக் கூடாது. நூல்கள் தின்னலாம் என்று விட்ட ஆமைக்கும் முள்ளம்பன்றிக்கும் கூட அவர் ஆணை அடைக்கலம் கொடுத்தது. உணவுக்கும் ஆகாத, வேறு பயனுக்கும் ஆகாத நாற்கால் பிராணிகளையும் கொல்லக் கூடாது.

சினையாக உள்ள ஆட்டையும் பன்றியையும், பால் கொடுக்கும் தாயையும், ஆறு மாதம் நிறையாத குட்டியையும் வெட்டக் கூடாது. சேவலுக்குக் காயடிக்கக் கூடாது. உயிர்கள் குடியிருக்கும் உமியைக் கொளுத்தக் கூடாது. ஓர் உயிரைக் கொன்று மற்றோர் உயிருக்கு இரை போடக் கூடாது.

மீனுக்குத் தடை குறிப்பிட்ட புனித நாட்களில் மட்டுமே. கணக்கிட்டால் ஆண்டில் 56 நாட்கள். மற்ற நாட்களில் மீனவன் வலை வீசலாம், விற்கலாம். வளர்ந்த ஆட்டுக்கும் கோழிக்கும் முழுத் தடை இல்லை. ஏழையின் உலையை அரசர் கவிழ்க்கவில்லை.

ஆணையா, அறிவுரையா?

மறு ஆண்டு இன்னோர் ஆணை வந்தது. டில்லியில் பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் தூணில் அது இருக்கிறது. உயிர்களைக் காக்கச் சட்டங்கள் போட்டேன். ஆனால் சட்டத்தால் நடந்தது கொஞ்சம், மக்கள் தாமே எண்ணிப் பார்த்து மனம் மாறியதால் நடந்ததே அதிகம் என்பது அதன் கருத்து. தண்டனை கொடுக்கும் கோலைக் கையில் வைத்திருந்தவர் சொன்ன சொல் இது!

கொல்லாமையோடு அவர் நின்றுவிடவில்லை. மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் செய்ய ஏற்பாடு செய்தார். மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொண்டு போய் நடச் செய்தார். வழியெங்கும் கிணறு வெட்டி, மரம் வைத்தார். தம் ஆட்சிக்கு வெளியே இருந்த சோழ, பாண்டிய, சேர நாடுகளிலும் இந்த மருத்துவம் நடந்தது என்று அவர் கல்வெட்டு சொல்கிறது.

அரை நெல்லிக்கனி

கி.மு. 232ஆம் ஆண்டை ஒட்டி அசோகர் மறைந்தார். அவருடைய கடைசி நாட்களைப் பற்றிப் பௌத்தர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. தானம் செய்தே கருவூலத்தைக் காலி செய்துவிடுவார் என்று அஞ்சிய அமைச்சர்கள், எதையும் கொடுக்க விடாமல் அவரைத் தடுத்துவிட்டார்களாம். கையில் மிஞ்சியது அரை நெல்லிக்கனி. அதையும் அவர் துறவிகளின் மடத்துக்கு அனுப்பினாராம். துறவிகள் அதை அரைத்துச் சாற்றில் கலந்து, எல்லாருமாகப் பகிர்ந்து உண்டார்களாம்.

பல நூறாயிரம் உயிர்களை விழுங்கிய சமையல் கூடத்தின் தலைவர், கடைசியாக ஊருக்கு இட்ட விருந்து அதுதான்.