லிங்கனை வளர்த்த சிற்றன்னை

மாற்றாந்தாய் என்றவுடனே கொடுமை என்ற சொல்லும் நம் நாவில் உடன் வந்துவிடுகிறது. அஃது எல்லாருக்கும் பொருந்தாது என்பதற்கு, உலகம் போற்றும் உத்தமர் ஆபிரகாம் லிங்கனின் குடும்ப வரலாறே தக்க சான்று.

லிங்கன் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் அமெரிக்காவின் கெண்டகி மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் தாமஸ், உழவும் தச்சுத் தொழிலும் அறிந்தவர். தாயார் நான்சி ஹாங்ஸ். தமக்கை சாரா, தம்பி ஒருவன் கைக்குழந்தையாகவே மாண்டான். 1816-இல் குடும்பம் இந்தியானாக் காட்டுப் பகுதியில் குடியேறியது. அங்கே நச்சுச் செடியை மேய்ந்த பசுக்களின் பாலை உண்டோர்க்கு ஒரு கொடிய நோய் கண்டது. அந்நோய்க்கு 1818 அக்டோபரில் நான்சி அம்மையார் இரையானார். ஆபிரகாமுக்கு அப்போது வயது ஒன்பது.

மறு ஆண்டு டிசம்பரில் தாமஸ் கெண்டகிக்குச் சென்று, சாரா புஷ் ஜான்ஸ்டன் என்னும் கைம்பெண்ணை மணந்து அழைத்து வந்தார். அவருடன் எலிசபெத், மெட்டில்டா, ஜான் என்னும் மூன்று மக்களும் வந்தனர். தம்மை வளர்த்தோரை அதே நோய்க்குப் பறிகொடுத்த டென்னிஸ் ஹாங்ஸ் என்ற இளைஞரும் அவ்வீட்டிலேயே இருந்தார். ஆக, ஓர் அறை மரக்குடிலில் எண்மர்!

டென்னிஸ், நான்சியின் பெரியம்மை சிற்றம்மை வழிச் சகோதரர். நம் முறைப்படி ஆபிரகாமுக்கு மாமன். அவர் 1821-இல் எலிசபெத்தை மணந்தார். மாமனே அக்காளை மணப்பது நமக்குப் புதிதன்றே! பின்னர் டென்னிசுடன் ஒரு தாய் வயிற்றில் பிறந்த ஸ்கொயர் ஹால், மெட்டில்டாவை மணந்தார். இவ்வாறு இரு குடும்பங்களும் ஒரு கொடியாய்ப் பின்னிக்கொண்டன.

அம்மையார் வந்ததும் மண் தரைக்குப் பலகை பாவச் செய்தார். கதவும் பலகணியும் வைக்கச் செய்தார். தம் மக்களுக்கும் மூத்தாள் மக்களுக்கும் ஒரே உணவு, ஒரே பரிவு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனினும் ஆபிரகாம் நூலும் கையுமாக இருந்தபோது அதற்கு இடையூறு நேராமல் காத்தவர் அவரே.

1828-இல் உடன்பிறந்த தமக்கை சாரா பேறுகாலத்தில் இறந்தார். அதன்பின் சிற்றன்னையின் அன்பே ஆபிரகாமுக்குப் பெருந்துணையாயிற்று. 1830-இல் குடும்பம் இல்லினாய் மாநிலத்திற்குப் பெயர்ந்தது. வழக்கறிஞராக உயர்ந்த லிங்கன் 1841-இல் 200 டாலர் கொடுத்துத் தந்தையின் 40 ஏக்கர் நிலத்தை வாங்கினார். பெற்றோர் ஆயுள்வரை அதனை அனுபவிக்கவும் வழி செய்தார். தந்தையோடு அவருக்கு நெருக்கம் இல்லை. 1851-இல் தந்தை இறந்தபோது அடக்கத்திற்கும் செல்லவில்லை. ஆயினும் அந்நிலத்தை விற்க ஜான் முனைந்தபோது, அது தாயின் வாழ்வுக்கு உரியது என்று உறுதியாக மறுத்துவிட்டார். பெற்ற மகன் விற்க நினைத்ததை வளர்த்த மகன் காத்தார்!

குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பின், 1861 ஜனவரி இறுதியில், தலைநகர் செல்லுமுன் அவரைக் காண லிங்கன் புறப்பட்டார். வழியில் இணைப்பு வண்டி தவறவே, சரக்கு வண்டியில் ஏறிச் சென்றாராம். இரயில்வே ஊழியனாகிய எனக்கு இச்செய்தி தனி இன்பம் தருவது. இருவரும் தந்தையின் கல்லறையைக் கண்டு வந்தனர். பிரியும்போது, மகனை இனிக் காணமாட்டோம் என்று அம்மையார் அஞ்சினார். அவ்வாறே ஆயிற்று. அடிமைத்தளை அறுத்த அப்பெருமகன் 1865 ஏப்ரல் 15-இல் கொலைஞனின் குண்டுக்குப் பலியானார். அவன் தம்மிடம் ஒருநாளும் கடுஞ்சொல் கூறியதில்லை என்று அவ்வாண்டே அம்மையார் நினைவுகூர்ந்தார். 1869-இல் தாமும் மறைந்தார்.

இதை எழுதும் எளியேனும் சிற்றன்னை கையால் உண்டு வளர்ந்தவன். உத்தியோகத்தின் பொருட்டு ஊர்விட்டு வந்த நாம், இக்காலனியில் அண்டை வீட்டாரை மாமா என்றும் அத்தை என்றும் அழைத்து வாழ்கிறோம். பிறப்பால் வருவது மட்டுமன்று, பேணுவதால் வருவதும் உறவே. நம் குழந்தைகளுக்கு லிங்கனின் பெருமையைச் சொல்லும்போது, அவரைப் பெற்ற நான்சியோடு வளர்த்த சாரா அம்மையாரையும் சேர்த்துச் சொல்வோமாக.