இலையை அறிந்த தாய்

முட்டைக்கோசு இலையை உண்ணும் புழு அச்செடியைத் தானே தேடி அடைவதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த இளம்புழுவால் நெடுந்தொலைவு ஊர்ந்து செல்ல இயலாது; தாய் முட்டையிட்ட செடியே அதற்கு உணவு. தாய் தவறினால் புழுக்கள் மடியும். தாயாகிய வெண்ணிறப் பட்டாம்பூச்சியோ மலர்த்தேனைப் பருகுவது. இலையைக் கடித்துச் சுவைக்கும் வாய் அதற்கு இல்லை. தான் உண்ணாத இலையை அது எவ்வாறு அறிகிறது? இவ்வினாவைத் தம் தோட்டத்தில் ஆராய்ந்தவர் பிரெஞ்சு அறிஞர் ழான் ஆன்றி ஃபாபர்.

1823இல் தென்பிரான்சின் சிற்றூர் ஒன்றில் வறிய குடும்பத்தில் பிறந்த ஃபாபர், 18ஆம் வயதில் தொடக்கப்பள்ளி ஆசிரியரானார். பின்னர் அவிஞோன் நகரில் பணியாற்றியபோது மாலை வகுப்புகளில் பெண்களுக்கும் அறிவியல் கற்பித்தார். மலர்களின் மகரந்தச் சேர்க்கையை அவர்களுக்கு விளக்கியது அக்காலத்தில் பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. எதிர்ப்பு வலுத்தது, பணியைத் துறந்தார், குடியிருந்த வீட்டையும் காலி செய்ய நேர்ந்தது. ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் கடனாக அளித்த பணமே அப்போது குடும்பத்தைக் காத்தது. அதன்பின் பாடநூல்கள் எழுதி வாழ்ந்தார். ஆம், அவரும் நம்மைப் போலப் பாடநூல் எழுதியவரே!

1879இல் செரினியான் ஊரில் கற்கள் நிறைந்த தரிசு நிலம் ஒன்றை வாங்கினார். உழவர்க்குப் பயன்படாத அந்நிலம் பூச்சிகளுக்குப் புகலிடமாயிற்று. அங்கே முட்டைக்கோசுப் புழுக்களுக்குப் பலவகை இலைகளை இட்டுப் பார்த்தார். கடுகுக் குடும்பத்துச் செடிகளைப் பயிரென்றும் களையென்றும் பாராமல் அவை உண்டன. பிற குடும்பத்து இலைகளைத் தீண்டவில்லை. தாவரவியலார் ஒரு செடியின் குடும்பத்தை உறுதிசெய்யப் பூவையும் காயையும் நோக்குவர். பட்டாம்பூச்சிக்கோ பூக்காத செடியே போதுமானதாக இருந்தது. இதுவே ஃபாபரை வியப்பில் ஆழ்த்தியது. இதனைப் பிறவியிலேயே அமைந்த உள்ளுணர்வு என்று கொண்டார். அதற்கப்பால் காரணம் தேடவில்லை. நுட்பமாகக் கண்டவர் அங்கே நின்றுவிட்டது ஒரு குறையே.

1910இல், ஃபாபர் முதுமையில் வாழ்ந்துகொண்டிருந்தபோதே, டச்சுத் தாவரவியலார் வெர்ஷாஃபெல்ட் விடையின் ஒரு பகுதியைக் கண்டார். புழுக்கள் வழக்கமாக உண்ணாத இலைகளின்மீது கடுகுக் குடும்பச் செடியின் சாற்றைத் தடவினார். புழுக்கள் அவற்றை உண்டன. கடுகின் காரத்திற்குக் காரணமான வேதிப்பொருளே அடையாளம் எனத் தெளிவாயிற்று. செடிக்குப் பாதுகாப்பாகிப் பல பூச்சிகளை விரட்டும் அப்பொருள், இப்பூச்சிக்கு அழைப்பாகிவிட்டது. தாயின் திறமும் பின்னர் விளங்கியது. பட்டாம்பூச்சி இலையில் அமர்ந்து முன்கால்களால் அதைத் தட்டுகிறது. அக்கால்களில் உள்ள சுவையுணர் உறுப்புகள் அப்பொருளை உணர்ந்த பின்னரே முட்டையிடுகிறது.

ஃபாபர் 1915இல் செரினியானிலேயே காலமானார். அவருடைய வீடும் தோட்டமும் இன்று அருங்காட்சியகமாக உள்ளன.